தேயிலைக்குள் இறங்கிய மரதன்

எங்கள் கல்லூரியில் புதிய ஆசிரிய மாணவர்கள் வந்து சேரும் முதல் நாளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, எங்கிருந்து வந்தவர், என்ன படித்தவர், என்ன சாதித்தவர் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மற்றத் துறைக்காரர்கள் தங்கள் பட்டங்களைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் எங்கள் நால்வருக்கு அது போதாது. எதில் ஓடினீர்கள், எந்த மட்டத்தில், என்ன பதக்கம் என்று வாய் திறக்காமலே கேட்கும் கண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

என் சகாக்கள் மூவரிடமும் சொல்ல விஷயம் உண்டு. ஒருவர் இராணுவத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவர். இன்னொருவர் கண்டியில் பேர்போன பெண்கள் பாடசாலையில் படித்து, வலைப்பந்தில் தேசிய மட்டம் வரை போனவர். மூன்றாமவர் வெளிநாட்டில் உடற்பயிற்சி விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த இளைஞர். மாடிப்படி ஏறி வந்தாலும் உடனே தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார். நல்ல மனிதர்கள். அவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் முறை வரும்போது நான் சொல்வது இதுதான். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். வலய மட்ட மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, போட்டியிலிருந்து நீக்கப்பட்டேன். வேறு பதக்கம் எதுவும் கிடையாது.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பும். பீடாதிபதி, அதாவது எங்கள் கல்லூரித் தலைவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பின்வரிசையில் சில பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

"ஹட்டன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எந்த ஊர் என்றால் ஹட்டன், ஹட்டனில் எங்கே என்றால் டவுனுக்குப் பக்கம். அவர்கள் சொல்லும் அந்தப் 'பக்கம்', பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போட்டு எழும்பும் தூரத்தில் இருக்கும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தோட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் எதிரே இருப்பவரின் குரல் எப்படி மாறும் என்று எனக்கும் நன்றாகத் தெரியும். இருந்தாலும் எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. இனியும் வராது.

மேடையில் அரைகுறையாகச் சொல்லும் அந்த மரதன் கதையை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த பாடசாலை மலையைச் சீவிக் கட்டிய ஒரே கட்டடம். முன்னால் இருந்த வெளியில் ஒரு வகுப்பு நின்றாலே நெரிசல். உடற்கல்விக்கு ஆசிரியர் கிடையாது. சமூகக் கல்வி கற்பித்த சேர்தான் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், விசில் அவரிடம் இருந்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வலய மட்ட மரதன் ஓட்டத்துக்கு எல்லாப் பாடசாலையும் ஒரு பெண்பிள்ளையையாவது அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆறேழு கிலோமீட்டர் ஓடினாலும் அது மரதன்தான்.

சேர் வகுப்பில் வந்து, "யாரும்மா நல்லா ஓடுவீங்க?" என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தை நாங்கள் பிள்ளைக் காம்பரா என்போம். தினமும் காலையில் தம்பியை அங்கே ஒப்படைத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் பாடசாலைக்கு ஓடி வருகிறவள் நான். வேறு பயிற்சி எதுவும் நான் எடுத்ததில்லை.

போட்டிக்கு முதல் நாள் சேர் எனக்கு விதிகளைச் சொன்னார். அவர் சொன்னது முழுவதும் இவ்வளவுதான்.

"டிக்கோயாவுல விசில் ஊதுவாங்க. ஹட்டன்ல போட்டி நடக்கிற கிரவுண்டுக்குப் போயி நிக்கணும். யாரு மொதல்ல போய்ச் சேர்றாங்களோ அவங்கதான் மொதலாவது. வெளங்கிச்சா?"

விளங்கியது. அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

மறுநாள் பல பாடசாலைப் பிள்ளைகளோடு நானும் வரிசையில் நின்றேன். டவுன் பிள்ளைகள் சப்பாத்து போட்டிருந்தார்கள். எனக்கு வெறுங்கால். செருப்பு ஓட்டத்துக்குத் தொந்தரவு என்று அங்கேயே ஒரு கடை வாசலில் விட்டுவிட்டேன். விசில் ஊதியதும் ஓடினோம். கொஞ்ச தூரத்திலேயே முன்னால் நாலைந்து பேர் மட்டும் ஆனோம்.

அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். கையெட்டும் தூரத்தில் கீழே தெரியும் வளைவுக்குப் போக ஒரு மலையையே வலம் வர வேண்டும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழியில்லை. மனிதர்களுக்கு இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தண்ணீர் ஓடும் காண் ஓரமாக, பதித்த கல்லில் கால்வைத்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. அதைக் குறுக்கு என்போம். வேலைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்த வீட்டுக்கு என்று எங்கே போனாலும் குறுக்கால்தான் போவோம். தார்ப் பாதையோடு சுற்றி நடந்து வருகிற ஒருவரைக் கண்டால் "வெளியூரு ஆளு போல" என்று பேசிக்கொள்வோம்.

குறுக்கு வந்தது. நான் இறங்கினேன். யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடமாக அது தோன்றவே இல்லை. என் பின்னால் வந்தவர்களில் வேறு தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. என் பின்னாலேயே தடதடவென்று இறங்கினார்கள். டவுன் பிள்ளைகள் பாதையோடு போனார்கள். பாவம், வழி தெரியாத பிள்ளைகள் என்று நான் நினைத்துக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மைதானத்துக்குள் நான் ஓடி நுழைந்தபோது நடுவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் கட்ட வேண்டிய கயிறு இன்னும் சுருளாகவே மேசையில் கிடந்தது. ஒருவர் பதறி எழுந்து வந்து, "என்ன தங்கச்சி, யாருக்காச்சும் ஏதும் ஆயிருச்சா?" என்று கேட்டார். விபத்துச் செய்தி கொண்டுவந்தவள் என்று நினைத்துவிட்டார். "இல்லீங்க சேர், நான் மொதலாவது" என்றேன். அதற்குள் மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது. மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம்.

அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பாதி வழியில் ஒரு ஆசிரியர் நின்று, ஓடி வருகிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு றப்பர் பட்டியை மாட்டி அனுப்பியிருக்கிறார். எங்கள் மூவர் கையிலும் அது இல்லை. குறுக்கால் வந்தோம் என்று நாங்களே பெருமையாகச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் எங்கள் பாடசாலைகளின் பெயரைச் சொல்லி, விதியை மீறியதால் நீக்கியிருப்பதாக அறிவித்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "தோட்டத்துப் புத்தி எங்க போகும்?" என்று சிரித்தார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கு அவர் அரை நாள் வேலையோடு இறங்கி, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் நான் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நடுவர் மேசைக்குப் போனார்.

"அய்யா, நீங்கதான் இங்க பெரியவருங்களா? பாதையிலதான் ஓடணும்னு எம் புள்ளைக்கி யாரு சொன்னீங்க?"

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்மா" என்றார் நடுவர்.

"எல்லாருக்கும்னா? இந்த மூணு புள்ளைங்களுக்கும் தெரியலையே. மூணும் தோட்டத்துப் புள்ளைங்க. அப்ப நீங்க சொல்ற எல்லாருல நாங்க இல்லீங்களா?"

நடுவர் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்தார். "சரி சரி, போங்கம்மா, அங்கிட்டுப் போயி இருங்க" என்றார். பாதையோடு வந்த டவுன் பிள்ளைக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழ, அம்மா திட்டிக்கொண்டே வந்தார். என்னை அல்ல. "ஏமாத்துனவதான் தலையக் குனியணும். நீ என்னாத்துக்குடி குனியிற? நிமிந்து நட" என்றார். நிமிர்ந்து நடந்தேன். அன்றைக்கு நிமிர்த்திய தலையை இன்னும் நான் இறக்கவில்லை.

அதன் பிறகு என் விளையாட்டு வாழ்க்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பாடசாலை அடுத்த வருடம் போட்டிக்கே ஆள் அனுப்பவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அதே பிள்ளைக் காம்பராவில் பதிலாளாக வேலை செய்தேன். தராசில் குழந்தைகளை நிறுப்பதும், எடை ஏறாத குழந்தையின் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று விசாரிப்பதும் என் வேலை. பிறகு கல்வியியற் கல்லூரி, ஆசிரியை வேலை, வேலை பார்த்துக்கொண்டே பட்டம், அதற்குப் பின் இந்தப் பதவி. எந்த இடத்திலும் சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தை நான் விடவில்லை. ஏன் அதையே பிடித்துக்கொண்டேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அதில்தான் என் கணக்கு தீராமல் கிடக்கிறது என்பது.

உடற்கூற்றியல் படித்தபோது கழுத்து முள்ளெலும்புகளுக்கு இலக்கமிட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். எனக்கு அந்த இலக்கங்கள் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அந்த எலும்புகளைத் தெரியும். தலையில் கயிறு போட்டு முதுகில் கொழுந்துக் கூடை சுமந்து வந்த அம்மாவுக்கு, வலிக்கிற இடம் பார்த்து எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். பாடப்புத்தகத்தில் தவறான உடல்நிலை என்று அலுவலகக் கதிரையில் கூனி உட்கார்ந்திருக்கும் ஒரு கந்தோர்க்காரரின் படம்தான் இருந்தது. கூடை சுமக்கும் பெண்ணின் படம் இல்லை. என் வகுப்பில் இருக்கிறது. நானே கரும்பலகையில் வரைகிறேன். கை கோணலாக வந்தாலும் பிள்ளைகளுக்கு ஆள் விளங்கிவிடுகிறது.

மைதான வகுப்பில் இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறேன். என் மாணவர்கள் ஓட்டப் போட்டி நடத்திப் பழகும்போது, போட்டிக்கு முன்பு ஓடப் போகும் பிள்ளைகளோடு பாதை முழுவதையும் நடந்து காட்ட வேண்டும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே இறங்கக் கூடாது, பட்டி மாட்டுகிறவர் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டும். வெயிலோ மழையோ, நடந்து காட்டாதவருக்கு என்னிடம் புள்ளி கிடையாது. இதைப் பைத்தியக்கார வேலை என்று மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன வருடம் அந்த மைதானத்தையே என்னிடமிருந்து எடுக்கப் பார்த்தார்கள். கல்லூரிக்கு ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாகவும், உடற்கல்வி விரிவுரையாளர்களின் பின்னணியை ஆராயப் போவதாகவும் சொன்னார்கள். வலய மட்டத்திலாவது ஒரு விளையாட்டுச் சாதனையோ தனிப் பயிற்சித் தகுதியோ இல்லாதவர் இனி மைதானத்தில் கற்பிக்க முடியாதாம். வகுப்பறைக்குள் சுகாதாரம் மட்டும் சொல்லிக் கொடுக்கலாமாம். நால்வரில் அப்படிப்பட்டவள் நான் ஒருத்திதான். யாரை நினைத்து இந்த விதி என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

பீடாதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல. கோப்பில் ஒரு சண்டையும் வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

"மிஸ், நீங்க வலய மட்டத்துல ஓடுனது உண்மைதானே? 'மரதன் வீராங்கனை, வலய மட்டம்'னு மட்டும் போட்டுடுங்க. பொய்யும் இல்ல, பிரச்சினையும் இல்ல. நீக்குனதெல்லாம் எதுக்குங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, சேர்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க மிஸ். கிரவுண்ட் போயிரும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அன்றைக்கு நடுவர் மேசையில் அம்மாவைப் பேசவிடாமல் அனுப்பினார்கள். இப்போது நானே அந்த நாளை அழித்து எழுத வேண்டுமாம். மறைக்க வேண்டிய காரியத்தைச் செய்தவள் நானா? எழும்பி வந்துவிட்டேன். இரவில் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மைதானம் போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்ற பயம் விடவில்லை.

குழுவில் இருவர் வந்தார்கள். தலைவி ஒரு சிங்களப் பெண்மணி. முன்னாள் ஓட்ட வீராங்கனை என்று நடையிலேயே தெரிந்தது. பக்கத்தில் கோப்புகளோடு ஒரு உத்தியோகத்தர். தலைவி சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். விளையாட்டுச் சாதனை என்ன என்றதும் மேடையில் சொல்வதைச் சொன்னேன். லயம், கொழுந்து, முதலாவது, நீக்கம். உத்தியோகத்தர் வாய்க்குள் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை.

"போட்டியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் எப்படிப் போட்டி விதிகளைக் கற்பிக்க முடியும்?" என்று கேட்டார்.

"என் பாடசாலையில் விதிகளைச் சொல்லித்தர ஒருவரும் இல்லாததால்தான் நீக்கப்பட்டேன், மேடம். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் படித்து முடித்ததும் ராகலைப் பக்கமும் நோட்டன் பிரிட்ஜ் பக்கமும் அப்படிப்பட்ட தோட்டப் பாடசாலைகளுக்குத்தான் போகப் போகிறார்கள். அங்கே இன்னொரு பிள்ளை ஓடி வந்து, கயிறு கட்டாத மைதானத்தில் ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்கக் கூடாது. அதற்காகத்தான் மைதானத்தில் நிற்கிறேன். பதக்கம் வாங்கியவருக்கு இந்த விதி சொல்லித்தர வேண்டிய ஒன்று என்றே தோன்றாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று விட்டுவிடுவார். நான் விடமாட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது. தலைவி கடைசியாக ஒன்று கேட்டார்.

"அதே ஓட்டத்தை இன்றைக்கு வைத்தால்?"

"பாதையோடு ஓடுவேன், மேடம். முதலாவதாகத்தான் வருவேன்."

அவர் என்னவோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து நேராக மைதானத்துக்குப் போனேன்.

பல வாரங்கள் கழித்து முடிவு வந்தது. பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். தகுதியான விரிவுரையாளர் ஒருவர் வரும்வரை மைதான வகுப்புகளை நானே தற்காலிகமாகத் தொடரலாம் என்று இருந்தது. வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கிரவுண்ட் தப்பிச்சிருச்சி. ஆனா பாத்தீங்களா மிஸ், நான் சொன்ன மாதிரி ஒரு வரி போட்டிருந்தா இந்தத் தற்காலிகம்னு ஒரு சொல்லு வந்திருக்காது. இப்ப தகுதியானவங்க யாராச்சும் வர்ற வரைக்கும் நீங்க இப்பிடியே நிக்கணும்."

"அவங்க வந்து ரொம்ப காலமாச்சுங்க, சேர்" என்றேன். "உங்க முன்னுக்குத்தான் நிக்கிறாங்க."